மட்கார்ட் துணி லைனரும் கார் உள்ளே கேட்கும் வீதி இரைச்சலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளிப் பக்கம் மணல் ஏறிய வீதி ஓரங்கள், மாரியில் தண்ணீர் நிற்கும் உட்தெருக்கள், கடலில் இருந்து வரும் உப்புக் காற்று, கந்தளாய் தாண்டி ஹபரணை வரை நிற்காமல் போகும் நீண்ட ஓட்டம். திருகோணமலைக் கார் இவை எல்லாவற்றையும் ஒரே கிழமையில் பார்க்கும். துணி லைனர் பற்றி இங்கே பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஊர் நிலைமையை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

துணி லைனர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மட்கார்டின் உட்பக்கத்தை மூடியபடி வளைந்து நிற்கும் பகுதிதான் லைனர். கடைகளில் ஃபெண்டர் லைனர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பழைய கார்களிலும் விலை குறைந்த கார்களிலும் இது பொலிப்ரொப்பிலீன் போன்ற கடினமான பிளாஸ்டிக்கில் வரும். பல சிறிய கார்களில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். பின்னால் வெறும் தகரமும் அதன் மேல் அடித்த பூச்சும்தான்.

துணி லைனர் நெய்த துணி அல்ல. பொலியெஸ்டர் நாரை விரித்து, ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திச் சிக்க வைத்து, சூட்டில் இளகும் நாரையும் கலந்து, அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். சில மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். நகத்தால் சுரண்டினால் நார் மெல்ல எழும்பும். விரல் முட்டியால் தட்டினால் பிளாஸ்டிக்கில் கேட்கும் கணீர் சத்தம் வராது, மந்தமாகவே கேட்கும்.

அது சத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

இரண்டு வழியில். முதலாவது, டயர் வீதியைத் தொடும் இடத்தில் பிறக்கும் இரைச்சல் மட்கார்டுக்குள் ஏறி, சுவரில் பட்டுத் திரும்பத் திரும்பத் தெறிக்கிறது. பிளாஸ்டிக்கும் தகரமும் அதை அப்படியே திருப்பி அனுப்பும். துணியில் நுண்ணிய இடைவெளிகள் இருப்பதால் காற்றின் அசைவு உள்ளே நுழைந்து நாரோடு உராய்கிறது. அந்த உராய்வில் ஒலியின் ஒரு பகுதி மிகச் சிறிய சூடாக மாறிப் போய்விடுகிறது. லைனருக்கும் தகரத்துக்கும் இடையில் உள்ள காற்று இடைவெளியும் இதற்கு உதவுகிறது. அந்த இடைவெளியை எதையாவது திணித்து அடைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, கல்லும் தண்ணீரும். கடினமான பிளாஸ்டிக் மேளத் தோல் போல. சல்லிக்கல் பட்டால் அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும். துணி அந்த அடியை வாங்கி அமர்த்திவிடும். கிரவல் வீதியில் ஒரு தரம், மழை நின்ற காப்பெட் வீதியில் ஒரு தரம் ஓடினால் துணி லைனரின் பலன் அங்கேதான் தெளிவாகத் தெரியும். காய்ந்த, நல்ல வீதியில் அவ்வளவு தெரியாது.

எந்தச் சத்தம் குறையும், எது குறையாது?

இதைப் புரிந்துகொள்ளாமல் காசு செலவழித்தவர்கள்தான் பின்னர் ஏமாற்றம் அடைகிறார்கள்.

கார் உள்ளே வரும் டயர் சத்தம் இரண்டு பாதையில் வருகிறது. ஒன்று காற்று வழியே: டயர் முகத்தின் வெட்டுக்கள் வீதியில் அடிபட்டு, காற்றை நசுக்கி வெளிவிடும்போது எழும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். இது ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 1,000 அதிர்வு) சுற்றில்தான் அதிகம். துணி லைனர் வேலை செய்யும் இடம் இதுதான்.

மற்றது உலோகம் வழியே: வீதியின் கரடுமுரடு டயரை அதிர வைக்க, அந்த அதிர்வு ரிம், சஸ்பென்ஷன் கை, றப்பர் புஷ், பொடி (காரின் உடல்) என்று ஏறி, தரைத் தகரத்தையும் கூரையையும் அதிர வைக்கிறது. 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே கேட்கும் 'ஹூம்', 'டுமு டுமு' எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. டயருக்குள் இருக்கும் காற்றே ஒத்ததிர்வு கொண்டு 200 முதல் 250 ஹேர்ட்ஸ் வரை எழுப்பும் ஒற்றைச் சுருதியும் இதில் சேரும். கிண்ணியாப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது கேட்கும் 'டக் டக்' சத்தமும் இதே பாதையில்தான் வருகிறது. மட்கார்டுக்குள் எந்தத் துணியைப் போட்டாலும் இந்த வகைச் சத்தம் குறையாது.

அப்படியானால் மொத்தமாக எவ்வளவு குறையும்?

காருக்குள் அளந்தால் ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் சக்தி பாதியாகிறது. ஆனால் காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால் லைனர் மட்டும் மாற்றி "கார் அமைதியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், அவர் அதே நாளில் டயரையும் மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

இலக்கத்தில் தெரியாத இன்னொரு பலனும் உண்டு. டெசிபல் இலக்கம் சிறிதாகக் குறைந்தாலும், கல் தெறிக்கும் திடீர் சத்தம் போய்விடுவதால் நீண்ட பயணத்தில் களைப்புக் குறையும். மாரியில் பாலையூற்றிலிருந்து தம்பலகாமம் போய்வருபவருக்கு இது சிறிய விஷயம் இல்லை.

என் காரில் வருவது டயர் சத்தமா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரான, வாகன நெரிசல் இல்லாத வீதியைத் தெரிவு செய்யுங்கள். கண்ணாடி எல்லாம் மூடி, ஏசியையும் வானொலியையும் நிறுத்தி, மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு வாருங்கள். அக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். சத்தம் உடனே விழுந்தால் அது எஞ்சின் அல்லது சைலன்சர் பக்கம். வேகத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லக் குறைந்தால் டயர், பேரிங், காற்று ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து வீதியைக் கவனியுங்கள். மென்மையான காப்பெட்டிலிருந்து சல்லி தெளித்த தார் வீதிக்கு ஏறும் கணத்தில் சத்தம் மாறினால் அது டயர் வழி. மாறாமல் ஒரே சீராக இருந்தால் பேரிங்கையோ காற்றையோ சந்தேகியுங்கள்.

பேரிங் என்றால் 'ஊ' என்ற முனகல் வேகத்தோடு ஏறும். அகலமான, ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை மிக மெதுவாக வலப்பக்கம் சாய்த்தால் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது முனகல் கூடினால் இடப்பக்க பேரிங், எதிர்ப்பக்கம் சாய்க்கும்போது கூடினால் வலப்பக்க பேரிங். உறுதி செய்ய, சக்கரத்தை ஜக்கில் தூக்கி, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டபடி மற்றக் கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு ஸ்பிரிங்கில் விரலுக்குத் தெரியும். பேரிங் பழுது இருந்தால் லைனர் பேச்சை விட்டுவிட்டு அதை முதலில் மாற்றுங்கள். அது பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விஷயம்.

காற்றுச் சத்தத்துக்குப் பெயின்ட்காரர் பாவிக்கும் மாஸ்கிங் டேப் போதும். கதவு இடைவெளிகளிலும் பக்கக் கண்ணாடியின் அடியிலும் ஒட்டிவிட்டு ஓடிப் பாருங்கள். சத்தம் மாறினால் கதவு றப்பரில்தான் குறை.

முதலில் டயரா, லைனரா?

சந்தேகமே இல்லாமல் டயர். 40, 50 கி.மீ. வேகத்துக்கு மேல் காரின் சத்தத்தில் டயருக்கும் வீதிக்கும் உள்ள பங்கே பெரியது. அதை அந்த இடத்திலேயே குறைப்பதற்கு ஈடாக எந்த மூடியும் வராது.

காற்று அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தாளில் உங்கள் காருக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு அடியுங்கள். பெற்றோல் ஷெட்டில் எல்லாக் காருக்கும் ஒரே அளவில் அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தேவைக்கு மேல் அடித்த டயர் கல்லுப்போல் இறுகி, வீதியின் ஒவ்வொரு குண்டு குழியின் அதிர்வையும் உள்ளே அனுப்பும்.

பிறகு டயரின் வயது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. இந்த ஊர் வெயிலில் நிறுத்தி வைத்த டயரின் றப்பர் காலப்போக்கில் இறுகிவிடும். வெட்டு ஆழமாகவே இருந்தாலும் சத்தம் கூடும்.

மூன்றாவது, உள்ளங்கையை டயர் முகத்தில் வைத்து முன்னோக்கி ஒரு தரம், பின்னோக்கி ஒரு தரம் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் வாள் பல்லாக உறுத்தினால் டயர் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட், தேய்ந்த ஷொக் அப்சோர்பர், டயரை இடம் மாற்றிப் போடாமை ஆகியவையே வழக்கமான காரணங்கள். அப்படித் தேய்ந்த டயர் பேரிங் போலவே முனகும். பின் சக்கரங்களில்தான் இது அதிகம், ஏனெனில் பின்பக்கம் பாரம் குறைவு, யாரும் கவனிப்பதும் இல்லை. 10,000 கி.மீ.க்கு ஒரு தரம் முன் பின் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

புது டயர் வாங்கும்போது, டயரின் ஐரோப்பிய லேபிளில் உள்ள டெசிபல் இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது வாகனம் கடந்து போகும்போது வீதியோரத்தில் அளந்த சத்தம், காருக்குள் கேட்பது இல்லை.

என் காருக்குத் துணி லைனர் எங்கே தேடுவது? எதைச் சொல்லிக் கேட்பது?

ஒரே மொடலில் விலை கூடிய தரத்துக்குத் துணி லைனரும் குறைந்த தரத்துக்குப் பிளாஸ்டிக்கும் போட்டிருக்கக் கூடும். அப்படி இருந்தால் துளைகள் பொருந்தும், வேலை சுலபம். உங்கள் காருக்கு எந்தத் தரத்திலும் துணி லைனர் வந்ததே இல்லை என்றால் வேறு மொடலின் லைனரை வெட்டிப் பொருத்த முயல வேண்டாம். வளைவு பொருந்தாமல் டயரில் உரசும்.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் பெயரைச் சொல்லிக் கேட்பது போதாது, செசி இலக்கத்தின் முன்பகுதி வேண்டும். வெகன் ஆர் என்று மட்டும் சொன்னால் எம்எச்44எஸ் காருக்குரியதும் எம்எச்55எஸ் காருக்குரியதும் குழம்பும். இரண்டும் வேறு வேறு பொடி. முதல் தலைமுறை அக்குவா என்றால் என்எச்பி10. அதோடு இடமா வலமா, முன்னா பின்னா, இரு சக்கர இழுவையா நாற்சக்கர இழுவையா என்றும் சொல்லுங்கள். சில கார்களில் முன் லைனரே இரண்டு துண்டாக, முன்பாதி பின்பாதி என்று வரும்.

பாவித்த உதிரிப்பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்சில் போட்டு அனுப்புவது இங்கே நடைமுறை. அனுப்பும் முன் மூன்று படம் கேளுங்கள்: முழு வடிவம், கிளிப் துளைகளுக்கு அருகில், டயர் பக்கத்து முகம். துளை ஓரம் கிழிந்திருந்தால் கிளிப் பிடிக்காது. டயர் பக்கம் நார் உதிர்ந்து வழவழப்பாகப் பளபளத்தால் அந்தத் துண்டு ஏற்கனவே உரசியிருக்கிறது, வேண்டாம்.

கிளிப் பழையதைத் திரும்பப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு முன் லைனருக்குப் பொதுவாக 8 முதல் 15 வரை கிளிப்பும் திருகாணியுமாக இருக்கும். கழற்றும்போது சில நிச்சயம் உடையும். காரிலுள்ள துளையின் விட்டத்தை அளந்து, தேவைக்கு மேலாக ஐந்தாறு வாங்கி வையுங்கள். ஒரு மில்லிமீற்றர் சிறிய கிளிப் கூட முதல் மழையோடு விழுந்துவிடும்.

வீட்டிலேயே மாற்றலாமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

மாற்றலாம். ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வையுங்கள். முதல் நாளே மட்கார்டின் உட்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். மணல் நிறைந்த கிளிப்பைக் கழற்ற முயன்றால் அது உடையும்.

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஜக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் கை நீட்ட வேண்டாம்.

2. கிளிப்பின் வகையைப் பாருங்கள். நடுவில் சிறிய வட்டம் உள்ள கிளிப்பில், அந்த நடு ஊசியைச் சிறிய ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் உள்ளே தள்ளுங்கள். 'டிக்' என்று இறங்கியதும் முழுக் கிளிப்பும் வெளியே வரும். பலமாகக் குத்தினால் ஊசி உள்ளே விழுந்துவிடும். தலையின் ஓரத்தில் பிளவு உள்ளவை வேறு வகை. அவற்றின் நடுப்பகுதியை வெளியே நெம்பி எடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் பாதிக் கிளிப் உடைகிறது.

3. பம்பர் விளிம்புக்கும் பக்கப் பலகைக்கும் கீழே உள்ள திருகாணிகளைக் கழற்றி, லைனரை நடுவில் அமத்தி வளைத்து வெளியே எடுங்கள். ஏபிஎஸ் கம்பி, பிரேக் ஹோஸ், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஹோஸ் எதிலாவது மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4. இந்தக் கட்டத்தில் அவசரப்பட வேண்டாம். முன் மட்கார்டின் பின்பக்கம், கதவுக்கு முன்னால், அடியில் ஒரு பொக்கெட் இருக்கும். கடற்கரைப் பக்கம் ஓடும் கார் என்றால் அதில் மணலும் காய்ந்த இலையும் ஈரத்தோடு நிறைந்து கிடக்கும். கறள் தொடங்கும் இடம் அதுதான். கையால் அள்ளி, குழாய்த் தண்ணீரால் கழுவி, தகரத்தின் வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள். கறள் பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பிரைமர் அடித்து, காய்ந்ததும் அண்டர்சீல் (அடித்தகரத்துக்கான காப்புப் பூச்சு) அடியுங்கள். அது முழுதாகக் காய்ந்த பிறகே லைனரை மாட்டுங்கள்.

5. புது லைனரை முதலில் கிளிப் போடாமல் கையால் பொருத்திப் பாருங்கள். எல்லாத் துளையும் நேராக வந்ததும் மேல் நடுவிலிருந்து இரு பக்கமாகக் கிளிப் போட்டு இறங்குங்கள். கீழிருந்து தொடங்கினால் கடைசித் துளை பொருந்தாது. நடு ஊசிக் கிளிப்பை மாட்டும் முன் ஊசியை வெளியே இழுத்து வைத்து, பிறகு மட்டமாகும்வரை அமத்துங்கள்.

6. சக்கரத்தைப் போட்டு, கையால் சுழற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி இடைவெளியைப் பாருங்கள். காரை இறக்கிய பின், பின் இருக்கையில் இருவரை இருத்தி இன்னொரு தரம் பாருங்கள். நட்டை நட்சத்திர ஒழுங்கில் இறுக்குங்கள். சிறிய ஜப்பான் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீற்றர். சரியான அளவு காரின் கைந்நூலில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டை மீண்டும் சோதியுங்கள்.

என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் லைனர். அதன் மேலேயே துணி ஒட்டினால் என்ன?

டயர் பக்கம் ஒட்டக் கூடாது. பொலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது. மழைநீரும் சூடும் பட்டால் ஒரு மூலை கழன்று தொங்கும், அதை டயர் இழுத்துச் சுருட்டும். வீட்டுக் கார்ப்பெட், சாக்கு, மெத்தை ஸ்பொஞ்ச் எல்லாம் தண்ணீரைக் குடித்து வைத்திருந்து தகரத்தை அரிக்கும். கடலோர ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் லைனரைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில், அதாவது தகரத்தைப் பார்க்கும் பக்கத்தில், கல் அதிகம் படும் மேல் பின் பகுதிகளில் உள்ளங்கை அளவு பியூட்டில் டம்பிங் துண்டுகளை (அதிர்வை அமர்த்தும் றப்பர் ஒட்டுத் துண்டுகளை) ஒட்டுங்கள். ஒட்டும் முன் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் ஐசோப்ரொபைல் அல்ககோலால் துடையுங்கள். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுதாக ஒட்டினால் பாரம் தாங்காமல் கிளிப் இழுபடும். இது கல் தெறிக்கும் சத்தத்தை அமர்த்தும். 'ஸ்ஸ்' இரைச்சலை உறிஞ்சாது, ஏனெனில் டயரைப் பார்க்கும் முகம் இன்னும் பிளாஸ்டிக்தான்.

துணி லைனர் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கறளை உண்டாக்காதா?

பொலியெஸ்டர் நார் தண்ணீரை உள்ளே குடிப்பதில்லை. இடைவெளியில் நிற்கும் தண்ணீர் ஓட்டத்தில் வடிந்து காய்ந்துவிடும். பிரச்சினை தண்ணீர் அல்ல, உப்பும் சேறும். நார் இடைவெளி முழுவதும் சேறு ஏறி இறுகினால் இரண்டு கெடுதல்: ஒலியை உறிஞ்சும் துளை அடைபடும், காயும் நேரமும் கூடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் வெயில் நாளிலும் அந்த இடம் முழுதாகக் காயாது.

அதனால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைக்கால மழையில் கிழமைக்கு ஒரு தரம் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் மட்கார்ட் உட்பக்கத்தை அலசுங்கள். கடற்கரை மணலில் இறக்கிய அன்றே அலசுவது மிக நல்லது. அழுத்தத் தண்ணீர் பாவித்தால் முனையை 30 செ.மீ.க்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் நார் கிழியும், கிளிப் துளையும் விரியும். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தரம் கழற்றி, பின்பக்கத்தையும் கழுவி, வெயிலில் காயவைத்துப் போடுங்கள்.

சேர்விஸில் அடிப்பகுதிக்கு எண்ணெய் அல்லது அண்டர்சீல் அடிக்கிறார்கள். லைனருக்கும் அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். துணியின் துளைகள் அடைபட்டால் அதற்குப் பிறகு அது பாரமான பிளாஸ்டிக் லைனர்தான். எண்ணெயில் தூசியும் ஒட்டி இறுகும். காரைக் கொடுக்கும்போதே "சக்கர வளைவில் துணி இருக்கிறது, அதற்கு அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அடிக்க வேண்டுமானால் லைனரைக் கழற்றித் தகரத்துக்கு அடித்து, காய்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

லைனர் கிழிந்து டயரில் உரசுகிறது. கழற்றி எறிந்துவிட்டு ஓடலாமா?

வீடு வந்து சேரும் வரை சரி. அதற்கு மேல் வேண்டாம். முன் லைனருக்குப் பின்னால் ஹெட்லைட்டின் பின்பக்கம், வயர் இணைப்புகள், தண்ணீர்ப் போத்தல், சில கார்களில் எஞ்சின் காற்று இழுக்கும் வாய் என்று பலதும் இருக்கின்றன. மாரியில் தேங்கிய தண்ணீருக்குள் அப்படி இறங்கினால் செலவு லைனர் விலையோடு நிற்காது. தற்காலிகமாக, கிழிந்த ஓரத்தில் இரண்டு துளை போட்டு அகலமான பிளாஸ்டிக் டை கட்டி இழுத்து வையுங்கள். கட்டின் தலை டயர் பக்கம் வரக் கூடாது.

உரசியதற்கான காரணத்தையும் பாருங்கள். கிளிப் விழுந்திருக்கலாம். அளவு கூடிய டயர் போட்டிருக்கலாம். ஸ்பிரிங் இறங்கியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு லைனரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில் கிழியும்.

உள்ளே, டிக்கிப் பக்கம் ஏதாவது செய்தால் கூடுதல் பலன் வருமா?

வரும். ஹச்பெக் கார்களில் பின் சக்கர வளைவின் தகரம் நேரே காருக்குள் திறக்கிறது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டுமே. அந்த மூடியைக் கழற்றி, வளைவுத் தகரத்தில் 2 மி.மீ. பியூட்டில் ஷீட்டை 25 முதல் 50 சதவீதம் வரை ஒட்டி, றோலரால் உருட்டி அமத்துங்கள். ஷீட்டின் மேலுள்ள அலுமினியத் தாளின் புடைப்புக் கோடுகள் தட்டையாகும் வரை உருட்ட வேண்டும். உருட்டாத ஷீட் வெறும் பாரம். சிறிய காரின் இரு பின் வளைவுக்கும் அரைச் சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். அதன் மேல் தண்ணீர் குடிக்காத மூடிய துளை நுரை ஷீட் ஒன்று. தார் கலந்த மலிவு ஷீட்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அது இளகி வழியும், நாற்றமும் போகாது.

மூடி கழற்றிய நேரத்தில் இன்னும் இரண்டைப் பாருங்கள். தரையிலுள்ள றப்பர் அடைப்புகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா? டிங்கர் வேலை நடந்த கார்களில் இவை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். இரவில் ஒருவர் சக்கர வளைவுக்குள் டோர்ச் அடிக்க, மற்றவர் டிக்கிக்குள் இருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் துளை தெரிந்துவிடும். மற்றது, பின் பம்பருக்குப் பின்னால் உள்ள காற்று வெளியேற்றும் றப்பர் மடல்கள். கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று இதன் வழியே போகிறது. மடல் மணலில் சிக்கித் திறந்தே நின்றால் டயர் சத்தம் நேராக உள்ளே வரும். துடைத்துவிடுங்கள், அடைத்து ஒட்டிவிட வேண்டாம், கதவு சாத்தக் கடினமாகும், கண்ணாடியில் ஆவி படியும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் டயர் சத்தம் ஏன் கூடுதலாகக் கேட்கிறது?

டயர் சத்தம் கூடவில்லை, அதை மறைத்த எஞ்சின் சத்தம் போய்விட்டது. லீஃப் போன்ற மின்சாரக் காரில் பற்றரிப் பாரமும் சேர்வதால் அழுத்தம் சரியாக இருப்பது இன்னும் முக்கியம்.

ஹயஸ், டவுன்ஏஸ் போன்ற வேன்களுக்கு?

முன் இருக்கைக்குக் கீழே எஞ்சின் இருப்பதால் முன்பக்கத்தில் லைனர் மாற்றிப் பெரிய பலன் இல்லை. எஞ்சின் மூடியின் றப்பர் சீலைப் புதிதாகப் போட்டு, பின் வளைவுத் தகரத்துக்கு டம்பிங் ஒட்டுவதுதான் அங்கே காசுக்கேற்ற வேலை.

மாற்றிய பிறகு பலனைப் போனில் அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் போன் காட்டும் இலக்கத்தைத் தனியாக நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ஒரே போன், ஒரே செயலி, ஏ வகை எடையில் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் முறை, செயலியில் dBA என்று இருக்கும்), ஒரே இடத்தில், ஓட்டுநர் இருக்கையின் தலைச் சாய்வருகே வையுங்கள். ஒரே வீதித் துண்டு, ஒரே வேகம், ஒரே காற்று அழுத்தம், போகும் திசையிலும் வரும் திசையிலும் மும்மூன்று தரம் ஓடிச் சராசரி எடுங்கள். கச்சான் காற்று பலமாக வீசும் பிற்பகலில் அளந்தால் காற்றைத்தான் அளப்பீர்கள், விடியற்காலை நல்லது. வீதி ஈரமாக இருந்த நாளையும் காய்ந்த நாளையும் ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

உள்ளே நுரை ஒட்டிய டயர் வாங்கினால் லைனர் தேவையில்லையா?

இரண்டும் வேறு வேலை. டயருக்குள் இருக்கும் நுரை 200 ஹேர்ட்ஸ் சுற்றில் வரும் உள்காற்று ஒத்ததிர்வை அடக்கும், லைனர் அதைத் தொடுவதே இல்லை. ஆணி ஏறினால் உள்ளிருந்து ஒட்டுப் போடும் இடத்தில் நுரையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஒட்ட வேண்டும். இதை டயர் கடையில் முன்கூட்டியே சொல்லுங்கள். நுரையின் மேலேயே ஒட்டினால் ஒட்டு பிடிக்காமல் காற்று மீண்டும் இறங்கும்.